கொழும்பில் ஓர் இளையோர் சுகாதார ஆய்வு அமைப்பு: பிள்ளையை அனுப்பலாமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் இடைவெளியைக் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நிரப்புகின்றன. உயர்தரத்துக்கான தனியார் வகுப்புகள் பரீட்சை முடிந்த கையோடு தொடங்கிவிடுகின்றன; மிஞ்சும் நேரத்துக்கு ஆங்கிலமோ கணினியோ வந்து சேர்கிறது. என் மகள் உயிரியற் பிரிவை எடுக்க விரும்பியதால், அந்த ஓட்டத்தோடு கூடவே, இளையோரைச் சுகாதாரக் கல்வியிலும் சிறிய அளவிலான விஞ்ஞான ஆய்வுகளிலும் ஈடுபடுத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றின் வார இறுதித் திட்டத்திலும் அவளைச் சேர்த்தோம். ஒரு சுற்று முழுவதையும் பெற்றோர் என்ற முறையில் அருகிலிருந்து பார்த்த பின்னர் எழுதும் மதிப்பீடு இது.

அமைப்பின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நடத்துவோரில் அநேகர் சம்பளம் எதுவும் பெறாத மருத்துவபீட, விஞ்ஞானபீட மாணவர்கள். குறைகளையும் சொல்லப்போகும் இடத்தில் அவர்களை அடையாளம் காட்டுவது முறையாகாது. தவிரவும், இதே பாணியில் இயங்கும் இளையோர் அமைப்புகள் நகரில் வேறும் இருப்பதால், எதில் சேர்ப்பதானாலும் எவற்றை விசாரிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்பு உதவக்கூடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வுப் பகுதி, இந்த நகரில் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு எளிதில் கிடைக்காத தரத்தில் இருந்தது, விரிவுரைப் பகுதி சுமார், தமிழ்மொழி மூலம் கற்ற பிள்ளைகளுக்கான ஏற்பாடு போதாது.

முதல் வகுப்பு வழமையான அறிமுக உரையாகத்தான் தொடங்கியது. ஆனால் உரையாற்றிய இளைஞர் அமைப்பின் வரலாற்றைச் சொல்லி நேரத்தைப் போக்காமல் கொழும்பின் மருத்துவ ஆய்வு வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டார். பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900ஆம் ஆண்டில் பற்றீரியாவியல் நிறுவகமாகத் தொடங்கப்பட்டதையும், அங்கே பணியாற்றிய இத்தாலியரான அல்டோ காஸ்டெலானி, யோஸ் எனப்படும் பறங்கி நோயின் கிருமியை 1905இல் இலங்கையிலேயே கண்டறிந்ததையும், 1926இல் களுத்துறையில் அமைக்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவுதான் இன்று நாடெங்கும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு முன்மாதிரி என்பதையும் அவர் கோர்வையாகச் சொன்னார். பேருந்தில் அன்றாடம் கடந்துபோகும் கட்டடங்களுக்குள் ஆய்வு நடந்திருக்கிறது, நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. ஆய்வு என்றால் வெளிநாட்டில் நடப்பது என்ற எண்ணம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை அந்த அறையிலிருந்த பெற்றோரின் முகங்களிலும் காண முடிந்தது.

அதன்பின் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செயற்றிட்டம் தரப்பட்டது. மகளின் குழுவுக்குக் கிடைத்தது டெங்கு நுளம்பின் முட்டைகளைக் கணக்கிடும் வேலை. கொழும்பில் இதைவிடப் பொருத்தமான தலைப்பைத் தேடிப்பிடிப்பது கடினம். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். இறந்தோர் தொகை நானூறைத் தாண்டியது. எங்கள் மாடிக்குடியிருப்பில் அந்த ஆண்டு காய்ச்சலில் படுக்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கருவி மிக எளியது. கறுப்பு நிறப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றில் பாதிக்கு நீரை ஊற்றி, சொரசொரப்பான பலகைத் துண்டு ஒன்றை உள்ளே சாய்த்து வைப்பார்கள். ஏடிஸ் இன நுளம்பு நீரின்மேல் முட்டையிடுவதில்லை; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய பரப்பில் இடுகிறது. எனவே ஒரு வாரம் கழித்துப் பலகையை எடுத்துக் கைவில்லையால் பார்த்தால், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான நீளமுள்ள, நெல்மணி வடிவான கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஒட்டியிருப்பது தெரியும். முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை போதும் என்பதால், குறித்த நாளில் கோப்பையை எடுக்கத் தவறினால் ஆய்வுக்கென வைத்த பொறியே நுளம்புப் பண்ணையாகிவிடும். பொறுப்பாளர்கள் இந்த விடயத்தில் கண்டிப்பாக இருந்தனர். எடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு ஒவ்வொரு பிள்ளைக்கும் தொலைபேசி அழைப்பு வந்தது. பதிலில்லையென்றால் பெற்றோருக்கு வந்தது. இரவு பத்து மணிக்கு அழைப்பது தேவைதானா என்று முதலில் சலித்துக்கொண்ட நானே பின்னர் அதை ஏற்றுக்கொண்டேன்.

பாடசாலையில் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று வரைந்து, பெயரிட்டு, முழுப் புள்ளியும் வாங்கிய பிள்ளைகள்தாம் இவர்கள். ஆயினும் அந்த முட்டை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும், மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும் என்பதன் பொருள் பலகையைக் கையில் எடுத்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. பூச்சாடித் தட்டின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று மாநகர சபையின் பொதுச் சுகாதார பரிசோதகர் ஒவ்வொரு முறையும் வந்து சொல்லிவிட்டுப் போவதன் காரணம் அதுவே. இப்போது எங்கள் வீட்டில் குளிரூட்டியின் பின்தட்டைத் தேய்ப்பது மகளின் பொறுப்பு. அதை அவளிடம் எவரும் ஒப்படைக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் என்னை அதிகம் கவர்ந்த நிகழ்ச்சியை விரிவாகச் சொல்ல வேண்டும். கோப்பைகளை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் மாணவர்களின் வீட்டு மாடங்களிலும் படிக்கட்டுகளின் கீழும் வைத்திருந்தனர். வாரங்கள் செல்லச் செல்ல வழக்கமான சங்கடங்கள் வந்தன: ஒன்றைக் காகம் கவிழ்த்துவிட்டது, ஒன்றைத் துப்புரவு செய்ய வந்தவர் குப்பையென்று எண்ணி எறிந்துவிட்டார், இன்னொன்று மழை நீர் நிரம்பி வழிந்து, முட்டை இருந்திருந்தாலும் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் நிலையில் இருந்தது. பதிவு அட்டவணையில் அந்த வாரத்துக்குரிய கட்டங்களை எப்படி நிரப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, ஒரு மாணவன் மூன்றிலும் பூச்சியம் எழுதிவிட்டான். பொறுப்பாளரான மருத்துவபீட மாணவி அவனைத் திருத்தவில்லை. "தம்பி, கோப்பை இருந்து முட்டை இல்லாததும், கோப்பையே இல்லாததும் ஒன்றா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. வெறுமையாக விட வேண்டும் என்றனர் சிலர். முந்தைய வாரத்தின் எண்ணிக்கையையே இட்டுவிடலாம் என்றான் ஒருவன். சராசரியைப் போடலாம் என்றாள் மற்றொருத்தி. வழிந்த கோப்பையை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் கடைசிவரை உடன்பாடு வரவில்லை. அதற்கெனத் தனிக் குறியீடு ஒன்றை இட்டு, காரணத்தை அடிக்குறிப்பாக எழுதினார்கள்.

நான் அறிந்தவரை, பாடசாலை ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு விவாதத்துக்கு இடமே கிடைப்பதில்லை. அங்கே விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் அந்த விடைக்கு வந்துசேரும்படி அளவீடுகளைச் சரிசெய்வதுதான். தரவை அதன் குறையோடு எழுதிவைக்கலாம், அப்படித்தான் எழுத வேண்டும் என்பதைப் பதினாறு வயதில் ஒருவருக்கு உணர்த்திவிட்டால், அவர் பின்னாளில் மருத்துவராகாமல் கணக்காளரானாலும் அது வீண்போகாது.

கீழ்த்தளங்களில் முட்டை அதிகம் இருக்கும் என்பதுதான் குழு முன்வைத்த கருதுகோள். கடைசியில் வந்த எண்கள் அதைத் தெளிவாக ஆதரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. கோப்பைகளின் தொகை குறைவு, இடங்கள் எழுந்தமானமாக அல்லாமல் வசதிக்கேற்பத் தெரிவு செய்யப்பட்டவை என்று பிள்ளைகளே தம் அறிக்கையில் எழுதினர். இறுதி நாள் கண்காட்சியில் இதைப் பார்த்த பெற்றோர் ஒருவர், "இவ்வளவு பாடுபட்டும் முடிவு ஒன்றும் வரவில்லையே" என்று வருந்தினார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் முடிவு வராததை ஒளிக்காமல் சுவரில் ஒட்டிய துணிச்சலுக்காகவே நான் இந்த அமைப்புக்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

முட்டைகளில் சிலவற்றைப் பொறுப்பாளர்களின் மேற்பார்வையில் மூடிய சாடிக்குள் பொரிக்கவைத்து, வந்த நுளம்புகளை நுணுக்குக்காட்டியில் இனம்பிரித்தும் பார்த்தார்கள். முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் ஏடிஸ் ஈஜிப்தி. நடுவில் ஒற்றைக் கோடு இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ். இந்த இனம்பிரிக்கும் திறனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1934, 35ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவை ஒழித்துவிட்டதாக 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், நகர்ப்புறக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பினம் மன்னாரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. குடம்பியைக் கண்டதும் கொட்டிவிடாமல், இது எது என்று கேட்கும் கண்கள் நாட்டுக்குத் தேவைப்படுகின்றன.

மற்றொரு குழு குருதியமுக்கம் அளக்கப் பழகியது. அளக்கப்படுபவர் ஐந்து நிமிடமாவது அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக்கூடாது, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், பட்டை கையின் சுற்றளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குகளை ஒவ்வொன்றாக மீறிப் பார்த்து, அதனால் எண் எப்படி மாறுகிறது என்பதைப் பதிந்தார்கள். அதன் பிறகு இந்தப் பிள்ளைகள் தம் பாட்டன், பாட்டிகளைத் தனியார் சிகிச்சை நிலையங்களுக்கு அழைத்துச் சென்றபோது, படியேறி வந்த மூச்சு அடங்குமுன் கையை நீட்டச் சொல்லும் அவசரத்தைச் சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டார்களாம். அது வரவேற்கப்படுகிறதா என்பது வேறு விடயம்.

ஆய்வில் மனிதர் சம்பந்தப்படும்போது காட்டப்பட்ட கவனம் எனக்கு நிறைவளித்தது. அளக்கப்படுபவரிடம் எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் கையொப்பத்தோடு பிள்ளையின் சொந்த இசைவும் தனியாகக் கேட்கப்பட்டது. விருப்பமில்லையென்றால் காரணம் சொல்லாமலே எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்று படிவத்தில் மட்டுமன்றி வாயாலும் சொல்லப்பட்டது. மனிதரை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஒழுக்கநெறிகளை வகுத்து 1964இல் வெளியான ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் சாரத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு வகுப்பில் விளக்கியதோடு நில்லாமல், அதைத் தம் சின்னஞ்சிறு வேலையிலும் கடைப்பிடித்தனர். எங்கள் மாடியில் வசிக்கும் முதியவர் ஒருவர் படிவத்தை நீண்ட நேரம் வாசித்துவிட்டு, "பிள்ளை, எனக்கு விருப்பமில்லை, குறை நினைக்காதே" என்று திருப்பிக் கொடுத்தபோது, மகள் வற்புறுத்தாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வழக்கமாக அவள் அப்படி எளிதில் விட்டுக்கொடுப்பவளல்லள்.

இனி விரிவுரைகள். நீரிழிவு, போசாக்கு, மனநலம், மாதவிடாய்ச் சுகாதாரம், புகைத்தல் ஆகிய தலைப்புகளில் வகுப்புகள் நடந்தன. பொருளில் பிழை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவை திரையில் ஓடிய படங்களை வாசித்துக் காட்டுவதாகவே அமைந்தன. விதிவிலக்கு, சீனி பற்றிய வகுப்பு. இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் காட்டும் முறை 2016இல் நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் காலி வீதிக் கடைகளிலிருந்து வெற்றுப் போத்தல்களையும் பொதிகளையும் கொண்டுவந்து, சிட்டையில் உள்ள கிராம் கணக்கைத் தேக்கரண்டிக் கணக்காக மாற்றி, உண்மையான சீனியைத் தராசில் நிறுத்து அருகருகே வைத்தனர். சிவப்பு வட்டத்தைப் பார்த்துப் பழகிப்போன கண்களுக்கு அந்தச் சீனிக் குவியல்கள் வேலை செய்தன. காய்ச்சல் பற்றிய வகுப்பும் பயனுள்ளது: டெங்கு சந்தேகம் இருந்தால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபென் போன்றவை கூடாது என்பதையும், காய்ச்சலின் மூன்றாம் நாளில் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் பிள்ளைகள் தம் வீட்டாருக்குத் தாமே விளக்கிச் சொல்லிவர வேண்டும் என்று வீட்டுவேலை கொடுத்தார்கள். இப்படிச் செய்யவைத்த வகுப்புகள் மனதில் நின்றன. மற்றவை நினைவில் தங்கவில்லை. மனநல வகுப்பில் கேள்விகளைப் பெயரில்லாத துண்டுகளில் எழுதிப் பெட்டியில் இடச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் அந்தத் துண்டுகளில் பாதியைக்கூட வாசிக்காமல் நேரம் முடிந்துவிட்டது.

என் பெரிய குறை மொழி பற்றியது. விளம்பரத்தில் மும்மொழித் திட்டம் என்று போட்டிருந்தார்கள். நடைமுறையில் சம்மதப் படிவம் ஒன்றைத் தவிர ஏனைய எல்லாம் ஆங்கிலத்தில். பேச்சு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழ் பேசும் தொண்டர்கள் இருவரும் மிக நல்லவர்கள்தாம். ஆனால் அவர்கள் எல்லாக் குழுக்களுக்கும் ஓடியோடி விளக்க வேண்டியிருந்தது. ஆங்கிலமொழி மூலம் கற்ற வெள்ளவத்தைப் பிள்ளைகள் சமாளித்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள், பாடத்தை அறிந்திருந்தும், வாய்திறக்கத் தயங்கினர். அவர்களில் சிலர் பாதியில் நின்றுபோயினர். நின்றவர்களை அழைத்து ஏனென்று விசாரித்ததாகவும் தெரியவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்கியும் அச்சிட்டும் காட்டினார். அவரிடம் அச்சகமும் பொறுமையும் இருந்தன. இன்றைய தொண்டர்களிடம் கணினி இருக்கிறது. செயன்முறைக் கையேட்டையாவது தமிழில் தரலாம்.

இன்னொரு குறை, தரவு எங்கே போகிறது என்பது. கோப்பை வைக்க இடம்கொடுத்த வீட்டாருக்கும், கையை நீட்டிக் குருதியமுக்கம் அளக்கவிட்ட முதியவர்களுக்கும் முடிவு எதுவும் திரும்பிவரவில்லை. உயர்ந்த அளவு காட்டியவர்களை அரச வைத்தியசாலைக்குச் செல்லும்படி அன்றே அறிவுறுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் ஆய்வின் தொகுப்பை ஒரு பக்கத் துண்டறிக்கையாக்கி ஒவ்வொரு மாடிக்குடியிருப்பின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தால், அடுத்த சுற்றில் கதவுகள் இன்னும் எளிதாகத் திறந்திருக்கும். இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகப் பதில் வந்தது.

புகைப்படங்களைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் முகங்கள் தெரியும் படங்கள் அமைப்பின் சமூக ஊடகப் பக்கத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் வந்தன. ஆய்வில் பங்குபற்றுவோரிடம் அவ்வளவு நுணுக்கமாகச் சம்மதம் கேட்டவர்கள், தம் மாணவர்களின் படங்களுக்குச் சேர்க்கைப் படிவத்தின் அடியில் இருந்த ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டனர். நான் ஆட்சேபித்ததும் மகளின் படங்களை உடனே நீக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டணம் பெயரளவிலானது, கோப்பை, கைவில்லை, பதிவுப் புத்தகம் எல்லாம் அதற்குள் அடக்கம். இடம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி, மின்தூக்கி இல்லை, மதியவேளையில் வெக்கை தாங்காது. பெண்பிள்ளைகளின் கழிவறை சுத்தமாக இருந்தது. தேநீர் இடைவேளையில் தரும் சிற்றுண்டிகள் எண்ணெயில் பொரித்தவை. போசாக்கு வகுப்பு முடிந்த கையோடு ரோல்ஸ் பரிமாறப்பட்டபோது பிள்ளைகளே சிரித்தார்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஒரு சான்றிதழ் தேவை என்ற ஒரே எண்ணத்தோடு அனுப்புவோருக்கு இது சரிவராது. சான்றிதழ் தருகிறார்கள், ஆனால் குறிப்பிட்ட அளவு வரவும், சொந்தக் கையெழுத்தில் நிரப்பிய பதிவுப் புத்தகமும் இல்லாவிட்டால் தருவதில்லை, பெற்றோர் வந்து கேட்டாலும் தருவதில்லை. அதேபோல, உயர்தரப் பாடத்திட்டத்தை முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று நம்புவோரும் தனியார் வகுப்புக்கே போகலாம். பரீட்சைக்கு உதவும் வினா விடை எதையும் இங்கே சொல்லிக்கொடுப்பதில்லை. எதையாவது பிரித்துப் பார்க்கும், ஏன் என்று ஓயாமல் கேட்டு வீட்டாரைக் களைப்படையச் செய்யும் பிள்ளை உங்களிடம் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். பிள்ளை தமிழ்மொழி மூலம் கற்றவராயின், அந்தச் சுற்றில் எத்தனை தமிழ்த் தொண்டர்கள் இருக்கிறார்கள், பிள்ளையின் குழுவுக்கு அவர்களில் ஒருவர் நிரந்தரமாக ஒதுக்கப்படுவாரா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அடுத்த சுற்றுவரை பொறுத்திருங்கள்.

சேர்க்கைக்கு நேர்முகம் உண்டு. பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்து, அண்மையில் பார்த்த ஏதேனும் ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பச் சொல்வார்கள். பாடப் பெறுபேறுகளைப் பார்ப்பதில்லை. வகுப்பு நாட்களில் முழுக்கைச் சட்டையும், நுளம்பு மருந்தும், ஒரு போத்தல் நீரும் கொடுத்தனுப்புங்கள். முட்டை எண்ணும் குழுவில் சேர்ந்தால், கைவில்லையோடு சேர்த்து ஒரு சிறிய மின்சூளும் தேவைப்படும். அதை அவர்கள் தருவதில்லை.